தை, மாசியில் காய் கொட்டும்போது: வீட்டுத் தோட்ட விளைச்சலை வீணாக்காமல் சமைப்பதும் சேமிப்பதும்

மார்கழி மழை விட்டு, தை பிறந்து பத்து நாள் போனால் யாழ்ப்பாணத்து வளவுகளில் எல்லாருக்கும் ஒரே கதைதான். ஐப்பசியில் நட்ட கத்தரி, மிளகாய், தக்காளி, பயிற்றை எல்லாம் ஒன்றாகக் காய்க்கத் தொடங்கிவிடும். முதல் நாள் நாலு கத்தரிக்காய் பறித்துச் சந்தோஷமாகச் சமைப்போம். இரண்டாம் கிழமை கடகம் நிறையும். மூன்றாம் கிழமை குசினி மூலையில் வாடின காய் கிடக்கும். சந்தைக்குக் கொண்டுபோகலாம் என்று பார்த்தால் திருநெல்வேலியிலும் மருதனார்மடத்திலும் அதே காய்தான் குவிந்து கிடக்கும். கொண்டுபோன கூலிக்கும் காசு காணாது.

முதல் முறையாக வீட்டில் தோட்டம் வைத்து, காய்த்ததை என்ன செய்வது என்று திகைத்து நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கு இதைப் பழக்கியவர் என் மாமி. அவர் சொன்னதில் முதலாவது இதுதான்: "பிள்ளை, பறிச்ச அண்டைக்கே அதுக்கு ஒரு வழி பார். நாளைக்கு எண்டு விட்டால் அது மாட்டுக்குத்தான்." பறித்த அன்றே எது சட்டிக்கு, எது வெயிலுக்கு, எது பக்கத்து வீட்டுக்கு என்று முடிவு செய்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

பறிப்பதில் இருந்தே தொடங்குங்கள்

வெண்டி, பயிற்றை, புடோல் மூன்றையும் ஒன்றுவிட்ட ஒருநாள் கட்டாயம் பறிக்க வேண்டும். விட்டுவிட்டால் வெண்டி நார் பாய்ந்துவிடும், பயித்தங்காய் உள்ளே பருப்பு வைத்து ஊதிவிடும். அதோடு, காய் முற்றினால் செடி தன் வேலை முடிந்தது என்று புதுப் பூ வைப்பதைக் குறைத்துக்கொள்ளும். நிறையக் காய்க்கிறதே என்று பறிக்காமல் விடுவது நாமே செடியை நிறுத்துவது போல.

கத்தரிக்காய் மினுங்கிக்கொண்டு இருக்கும்போதே எடுங்கள். விரலால் அமத்தினால் பள்ளம் திரும்பி எழும்ப வேண்டும். தோல் மங்கிவிட்டால் உள்ளே விதை முற்றிக் கறி கைக்கும். இழுத்துப் பிடுங்காமல் காம்போடு கத்தியால் வெட்டினால் கூட இரண்டு நாள் நிற்கும். தின்னவேலி ஊதாக் கத்தரி வைத்திருப்பவர்கள் இதில் கொஞ்சம் கூடுதல் கவனமாக இருங்கள். காய் நல்ல பருமனாக வருவதால் இன்னும் வளரட்டும் என்று விட்டுவிட ஆசை வரும்.

தக்காளி முழுச் சிவப்பாகும் வரை செடியில் விட வேண்டியதில்லை. அடியில் இளஞ்சிவப்பு பரவத் தொடங்கியதும் பறித்துக் குசினியில் வைத்தால் அங்கேயே பழுக்கும். அணிலுக்கும் தப்பும், பின்மழை பெய்தால் வெடிக்கவும் மாட்டாது.

மூன்று குவியல்

பறித்துக்கொண்டு வந்ததும் சாக்கிலோ ஓலைப்பாயிலோ கொட்டி மூன்றாகப் பிரியுங்கள். கழுவ வேண்டாம். ஈரம் பட்ட காய் சீக்கிரம் அழுகும். சமைக்கப் போகும்போது கழுவினால் போதும்.

புழு குத்தினது, அணில் கடித்தது, கீழே விழுந்து நசிந்தது எல்லாம் முதற் குவியல். அவை இன்றைய சமையலுக்கு. பழுதான இடத்தை வெட்டி எறிந்தால் மிச்சம் நல்ல காய்தான். ஆனால் பூஞ்சணம் பிடித்த தக்காளியை மட்டும் வெட்டிப் பாவிக்காதீர்கள், முழுதாக எறிந்துவிடுங்கள்.

இரண்டாவது, நாலு நாளுக்குள் முடிக்க வேண்டியவை: வெண்டி, பயிற்றை, புடோல், கீரை வகை. மூன்றாவது, நல்ல திடமான காய்கள். வெயிலுக்கும் உப்புக்கும் போவது இந்தக் குவியல்தான். பலர் இங்கேதான் பிழை விடுகிறார்கள். வாடினதையும் பழுதானதையும் வத்தல் போடுவோம், நல்லதைச் சமைப்போம் என்று நினைக்கிறார்கள். பழுதான காயில் போட்ட வத்தல் ஆடி மாதம் வரை நிற்காது.

பிரிட்ஜ் இருக்கிறது, எல்லாவற்றையும் அதற்குள் தள்ளலாம் என்று நினைக்காதீர்கள். கத்தரிக்காய்க்குக் கடும் குளிர் ஆகாது. 10 பாகை செல்சியசுக்குக் கீழே நாலைந்து நாள் வைத்தால் தோலில் பள்ளம் விழுந்து உள்ளே கறுத்துவிடும். பழுக்காத தக்காளியும் அப்படித்தான், குளிரில் வைத்தால் பிறகு ஒழுங்காகப் பழுக்காது, மணமும் போய்விடும். இரண்டையும் குசினியில் காற்றுப் படும் இடத்தில் பரப்பி வையுங்கள். பக்கத்தில் வாழைக்குலை தொங்கினால் காய்களைத் தள்ளி வையுங்கள். பழுக்கும் வாழைப்பழம் விடும் வாயு மற்றக் காய்களையும் முற்ற வைத்துவிடும்.

முதற் குவியலுக்கு: ஒரு கிலோ கத்தரிக்காய் ஒரே சட்டியில்

காய் நிறைய இருக்கும்போது பால்கறி வைத்துக்கொண்டிருந்தால் முடியாது. ஒரு நேரத்தில் ஒரு கிலோவை விழுங்கும் சமையல் வேண்டும். கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு அதற்கென்றே உண்டானது.

ஒரு கிலோ கத்தரிக்காயை விரல் நீளத் துண்டுகளாக வெட்டி, கொஞ்சம் உப்பும் மஞ்சளும் போட்டுப் பிரட்டிக் கால் மணித்தியாலம் வையுங்கள். நீர் விடும், அதைப் பிழிந்துவிட்டுப் பொரித்தால் எண்ணெய் குறைவாகக் குடிக்கும். பொன்னிறம் தாண்டி, ஓரம் மண்ணிறமாகும் வரை பொரித்து எடுங்கள். இந்த இடத்தில் அவசரப்பட்டு வெள்ளையாக எடுத்தால் குழம்பில் கரைந்துவிடும். இன்னொரு சட்டியில் கடுகு, வெந்தயம், கறிவேப்பிலை தாளித்து, இருபது சின்ன வெங்காயம், பத்துப் பல்லு உள்ளி, ஐந்து பச்சை மிளகாய் போட்டு வதக்குங்கள். தேசிக்காய் அளவு பழப்புளியைக் கரைத்து ஊற்றி, கறித்தூள் இரண்டரை மேசைக்கரண்டி, உப்பு போட்டுப் பச்சை வாசம் போகக் கொதிக்கவிட்டு, பொரித்த காயைச் சேருங்கள். கடைசியாக அரைத் தேங்காயின் முதற்பால்.

இனி முக்கியமான விஷயம். முழுக் குழம்புக்கும் தேங்காய்ப்பால் விடாதீர்கள். பால் விடாமல் புளியோடு நன்றாக வற்றவைத்த குழம்பை ஆறவைத்து, போத்தலில் அடைத்து பிரிட்ஜில் வைத்தால் ஒரு கிழமைக்குப் பிரச்சினை இல்லை. தேவையான அன்று தேவையான அளவு எடுத்து, சூடாக்கிப் பால் விட்டால் அன்று வைத்த குழம்பு மாதிரியே இருக்கும். நான் தை மாதத்தில் ஞாயிறு ஞாயிறு இரண்டு கிலோ இப்படி வைத்துவிடுவேன். கிழமை நாட்களில் சோறும் ஒரு வறையும் மட்டும் போதும்.

நசிந்த பெரிய காய்களுக்குச் சுட்ட கத்தரிக்காய்ச் சம்பல். அடுப்புத் தணலில் தோல் கருகச் சுட்டு, உரித்து மசித்து, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு, கொஞ்சம் கட்டித் தேங்காய்ப்பால், தேசிப்புளி. புட்டுக்கு இதைவிட வேறொன்று எனக்குத் தேவையில்லை.

இன்னொன்று கூழ். எல்லாக் காயிலும் கொஞ்சம் கொஞ்சம் மிஞ்சிக் கிடக்கிற நாளுக்கு ஒடியற் கூழ் மாதிரி உதவி செய்வது எதுவும் இல்லை. ஒடியல் மாவை (பச்சைப் பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த மா) தண்ணீரில் ஊறவிட்டு, மேல் தண்ணீரை வடித்து, புதுத் தண்ணீர் விட்டு இரண்டு மூன்று தரம் இப்படிச் செய்தால் கசப்புப் போகும். பயித்தங்காய், மரவள்ளி, பலாக்கொட்டை, முருங்கையிலை, ஒரு பிடி அரிசி எல்லாம் அவிந்த பிறகு மாவையும் அரைத்த செத்தல் மிளகாயையும் பழப்புளியையும் கரைத்து ஊற்றுங்கள். மீன், நண்டு, இறால் போடுபவர்கள் காயோடு சேர்த்து அவித்துக்கொள்ளலாம். அயலட்டையைக் கூப்பிட்டு, பலா இலையைக் கோலிக் குடித்தால் தோட்டத்துக் காயும் முடியும், நல்ல பொழுதாகவும் போகும்.

வெயில் வேலை

மாரி முடிந்த பிறகு நமக்குக் கிடைக்கிற பெரிய உபகரணம் வெயில்தான். மாசி பிறந்தால் அது ஏறத் தொடங்கும். ஆனால் தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்று சும்மா சொல்லவில்லை. விடியற்காலையில் எல்லாமே நனைந்திருக்கும். பனி காய்ந்த பிறகு, எட்டரை ஒன்பது மணிக்குத்தான் பாயை வெளியே போட வேண்டும். பின்னேரம் நாலரைக்குள் உள்ளே எடுத்துவிட வேண்டும். இரவில் முற்றத்தில் விட்ட வத்தல் பனியைக் குடித்து மறுபடி ஈரமாகிவிடும்.

நிலத்தில் போடாமல் கட்டிலிலோ இரண்டு வாங்கின் மேலோ ஓலைப்பாயை விரித்துப் போடுங்கள். கீழாலும் காற்றுப் போகும், கோழியும் ஏறாது. மேலே ஒரு பழைய நுளம்பு வலை.

மோர் மிளகாயில் இருந்து தொடங்குங்கள், பிழை வரவே வராது. ஒரு கிலோ பச்சை மிளகாய்க்கு ஒரு லீற்றர் நல்ல புளித்த தயிர், 100 முதல் 125 கிராம் உப்பு. மிளகாய் முற்றியதாக, தடிப்புத் தோலாக இருந்தால் நல்லது. காம்பைக் கழற்ற வேண்டாம். கழுவித் துடைத்து, ஒவ்வொன்றிலும் நடுவில் கத்தி நுனியால் ஒரு கீறல். நுனிவரை பிளந்துவிடாதீர்கள், ஒரு அங்குலம் போதும். அந்தக் கீறல் வழியாகத்தான் தயிர் உள்ளே போகும். பொரிக்கும்போது மிளகாய் வெடித்து முகத்தில் தெறிக்காமல் இருப்பதும் அதனால்தான். கீறும்போது கையில் எண்ணெய் பூசிக்கொள்ளுங்கள், கண்ணில் கை வைக்காதீர்கள்.

தயிரை உப்போடு கடைந்து, மிளகாய் மூழ்க ஒரு மண்சட்டியிலோ கண்ணாடிச் சாடியிலோ ஊறவிடுங்கள். முதல் இரண்டு நாள் அப்படியே. மூன்றாம் நாள் காலையில் மிளகாயை மட்டும் வடித்துப் பாயில் பரப்புங்கள், தயிர்ச் சட்டியையும் மூடாமல் வெயிலில் வையுங்கள். பின்னேரம் மிளகாயைத் திரும்பத் தயிருக்குள் போடுங்கள். பகல் காய்ந்த மிளகாய் இரவு தயிரைக் குடிக்கும். மூன்று நாலு நாள் இப்படிப் போனால் சட்டியில் தயிர் அநேகமாக முடிந்துவிடும். அதற்குப் பிறகு மிளகாய் மட்டும் ஐந்தாறு நாள் வெயில். பச்சை நிறம் போய், வெளிறிய வைக்கோல் நிறம் வரும். கையில் எடுத்துக் குலுக்கினால் உள்ளே விதை கலகலக்க வேண்டும். அந்தச் சத்தம் வந்தால்தான் முடிந்தது.

கத்தரி, பாகல், பயிற்றை வத்தல் இதைவிடச் சுலபம். பாகற்காயை வட்டமாகவும் கத்தரியை நீளமாகவும் அரைச் சென்ரிமீற்றர் தடிப்பில் வெட்டுங்கள். பாகலுக்கு உப்பும் மஞ்சளும் பிரட்டி ஒரு இரவு வைத்தால் போதும். கத்தரியையும் பயிற்றையையும் உப்பு, மஞ்சள் போட்ட கொதிநீரில் இரண்டு நிமிடம் போட்டு எடுத்து, வடித்துக் காயவையுங்கள். கத்தரிக்காயில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர்தான். ஒரு கிலோ காய்ந்தால் கையில் கிடைப்பது நூறு கிராம் அளவில். ஒரு கடகம் காய் இரண்டு போத்தலுக்குள் அடங்குவது இப்படித்தான்.

வத்தல் காய்ந்ததா என்று தொட்டுப் பார்த்துத் தீர்மானிக்காதீர்கள். மேலே காய்ந்தும் உள்ளே பதமாகவும் இருக்கும். வளைத்துப் பாருங்கள், வளையாமல் முறிய வேண்டும். எனக்கு இது பட்டறிந்த பாடம். நான் முதல் வருடம் போட்ட கத்தரி வத்தலை, மழை இருட்டுகிறது என்று அவசரப்பட்டு ஆறாம் நாளே போத்தலில் அடைத்துவிட்டேன். பங்குனிக் கடைசியில் மூடியைத் திறந்தபோது நனைந்த சாக்கு மணம். அடித் துண்டுகளில் சிலந்தி வலை மாதிரி வெள்ளை. நாலு கிலோ கத்தரிக்காயின் உழைப்பு, எல்லாவற்றையும் குழி வெட்டிப் புதைத்தேன். கனநாள் மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

அதற்குப் பிறகு ஒரு வேலை கூடச் செய்கிறேன். காய்ந்தது என்று நினைத்ததும் நன்றாக ஆறவிட்டு, கண்ணாடிப் போத்தலில் முக்கால் பங்கு மட்டும் நிரப்பி மூடி, ஒரு கிழமை குசினியில் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வைப்பேன். தினம் ஒரு தரம் குலுக்குவேன். உட்புறத்தில் ஒரு துளி நீர் பூத்தாலும் எல்லாம் திரும்ப வெயிலுக்கு. ஏழு நாளும் கண்ணாடி தெளிவாக இருந்தால் நிரப்பி அடைத்து அலுமாரிக்குள். ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன் ஒரு தரம் எல்லாவற்றையும் எடுத்து வெயில் காட்டி வையுங்கள்.

மிளகாயைப் பழுக்கவிட்டுச் செத்தல் போடுவதானால், பறித்த பழ மிளகாயை இரண்டு நாள் சாக்கில் குவித்து வைத்துப் பிறகு காயவிடுங்கள். நிறம் ஒரே சீராக வரும். வீட்டுச் செத்தலில் இடித்த கறித்தூளின் மணம் வேறு. கடைத் தூள் அதற்குக் கிட்டவும் வராது.

தக்காளி, போத்தல், ஒரு எச்சரிக்கை

தக்காளி நம்முடைய ஈரப்பதத்தில் ஒழுங்காகக் காயாது, நான் காயவைப்பதில்லை. வற்றவைத்து வைப்பதே நல்லது. பழுத்த மூன்று கிலோவைக் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டுத் தோலை உரித்து, அரைத்து, அகலமான தாச்சியில் மெல்லிய நெருப்பில் கிண்டுங்கள். அகப்பையால் நடுவில் கோடு போட்டால் அது மூடாமல் நிற்கும் பதம் வரும்வரை. இறக்குவதற்கு முன் உப்பும் இரண்டு தேசிக்காய்ப் புளியும். ஆறியதும் ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்து, கட்டிகளைப் பையில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். சொதிக்கு ஒன்று, குழம்புக்கு இரண்டு.

தக்காளியும் தேசிக்காயும் புளிப்பானவை, அதனால் அவற்றில் கிருமி வளர்வது கஷ்டம். பயிற்றை, கத்தரி, பூசணி, உள்ளி எல்லாம் அப்படியில்லை. அவற்றை அவித்துத் தண்ணீரோடோ எண்ணெயோடோ போத்தலில் காற்றுப் புகாமல் அடைத்து அலுமாரியில் வைக்காதீர்கள். காணொளிகளில் காட்டுகிறார்கள் என்று செய்து பார்க்கவும் வேண்டாம். காற்றில்லாத, புளிப்பில்லாத போத்தலுக்குள் வளர்கிற பொட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் சாதாரணக் கொதிநீரில் சாவதில்லை. அது விடும் நஞ்சு நிறத்தையோ மணத்தையோ மாற்றாமலே இருக்கலாம், ஆளைக் கொல்லவும் கூடும். புளியோ, உப்போ, வெயிலோ, குளிரோ நிறைவாக இல்லாமல் எதையும் அடைத்து வைக்காதீர்கள்.

தேசிக்காய் ஊறுகாய்க்கு உப்பில் கஞ்சத்தனம் கூடாது. காயின் நிறையில் ஐந்தில் ஒரு பங்கு உப்பு. நாலாகக் கீறி அடியில் பிரிந்துவிடாமல் உப்பை அடைத்து, சாடியில் ஐந்தாறு நாள் ஊறவிட்டு, பிறகு வெயிலில் காயவிட்டு, தனியாகப் பிழிந்த தேசிப்புளியில் திரும்பப் போடுங்கள். ஈரக் கரண்டி மட்டும் உள்ளே போகக் கூடாது.

ஃப்ரீசர், பூசணி, மற்றவை

பயித்தங்காயை இரண்டு அங்குலமாக வெட்டி மூன்று நிமிடம் கொதிநீர், உடனே குளிர்நீர், துடைத்துத் தட்டில் பரப்பி உறையவைத்துப் பையில் அடையுங்கள். முருங்கைக்காய்த் துண்டுகளுக்கும் இதே முறை, நேரம் இரண்டு நிமிடம். கொதிநீரில் போடாமல் பச்சையாக உறையவைத்தால் சில கிழமையில் நிறமும் ருசியும் கெடும். மின்சாரம் நின்றால் ஃப்ரீசரைத் திறக்காதீர்கள். நிறைந்திருந்தால் இரண்டு நாள் தாங்கும், பாதியானால் ஒரு நாள்.

பூசணிக்காயைக் காம்பு இரண்டு அங்குலம் விட்டு வெட்டி, பத்து நாள் வெயில் படும் இடத்தில் தோலை இறுகவிட்டு, பிறகு வைக்கோலிலோ பலகையிலோ ஒன்றோடொன்று முட்டாமல் வையுங்கள். இரண்டு மூன்று மாதம் நிற்கும். காம்பு உடைந்ததை முதலில் சமையுங்கள். சின்ன வெங்காயத்தைத் தாளோடு காயவிட்டு, பிடி பிடியாகக் கட்டிக் குசினிக் கூரையில் தொங்கவிடுவதை எல்லாரும் அறிவீர்கள். மரவள்ளியை மட்டும் அவசரப்பட்டுக் கிண்டாதீர்கள், மண்ணுக்குள் இருந்தால் நிற்கும், வெளியே எடுத்தால் இரண்டு மூன்று நாளில் உள்ளே நீலம் ஓடும். அவிக்கும்போது சட்டியை மூடாமல் அவியுங்கள். மரவள்ளி சமைக்கிற நாளில் எங்கள் பக்கம் இஞ்சி சேர்க்கமாட்டார்கள்.

முருங்கையிலை மிஞ்சினால் நிழலில் காயவைத்துப் பொடித்து வைத்துக்கொள்ளலாம். வெயிலில் போட்டால் பச்சை போய்விடும்.

புடோலங்காயை ஒன்றும் செய்ய முடியாது. வத்தலும் சரிவராது, உறையவும் சரிவராது. அன்றைக்கே பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள். வெறும் பையாகக் கொடுக்காமல், கூட நாலு பச்சை மிளகாயும் ஒரு கொத்துக் கறிவேப்பிலையும் வைத்துக் கொடுத்தால் அவர்களுக்கு அன்றைய கறி முடிந்தது. எங்கள் ஒழுங்கையில் வேலியால் நீட்டிய புடோலுக்குப் பதிலாக வந்த பப்பாசியும் முட்டையும் கொஞ்சமில்லை.

கடைசியாக விதை. எல்லாக் காயும் பறித்து முடிக்கிற அவசரத்தில் இதை மறந்துவிடுவோம். மாசி நடுவில், நோயில்லாத நல்ல செடி ஒன்றில் ஒரு கத்தரிக்காய், ஒரு பாகற்காய், நாலைந்து பயித்தங்காய் பார்த்து, காம்பில் சிவப்புத் துணி கட்டிவிடுங்கள். வீட்டில் யாரும் தெரியாமல் பறித்துவிடாமல் இருக்கத்தான் துணி. கத்தரி மஞ்சளாகி மெத்தென்று ஆகும்வரை செடியில் நிற்கட்டும். பிறகு வெட்டி, விதையைத் தண்ணீரில் பிசைந்து, மிதப்பதை ஊற்றிவிட்டு, அடியில் தங்கியதைச் சாம்பலில் பிரட்டி நிழலில் காயவிடுங்கள். கடதாசியில் மடித்துப் பெயரும் திகதியும் எழுதி, வத்தல் போத்தல்களுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டால், புரட்டாதியில் நாற்றுமேடை போடும்போது தேடித் திரிய வேண்டியதில்லை.